மீள்குடியேற்றக் கோவைகள் உங்கள் கையில்

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் கச்சேரிகளிலும் பிரதேச செயலகங்களிலும் கடமையாற்றும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய அலுவலர்களே,

2027 பெப்ரவரி 3 என்ற திகதியை நீங்கள் எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு அரச அலுவலகங்களில் இருந்த ஆவணங்களை ஆகக்குறைந்தது பத்து ஆண்டுகளும், அதற்குப் பிறகு உருவானவற்றை அவை உருவான நாளிலிருந்து ஆகக்குறைந்தது பன்னிரண்டு ஆண்டுகளும் பேண வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. 2009இல் தொடங்கிய மீள்குடியேற்றம், அதன் பின்னால் வந்த வீட்டுத்திட்டங்கள், வீதிகள், குளங்கள், பாடசாலைக் கட்டடங்கள், கண்ணிவெடி அகற்றிய நிலங்களின் கையளிப்பு ஆவணங்கள் என்று, எங்கள் ஊர்கள் திரும்ப எழும்பிய காலத்தின் கோவைகளில் பெரும்பங்கு முதல் வகைக்குள்தான் வருகிறது. அந்தப் பத்தாண்டு 2027 பெப்ரவரியில் நிறைவடைகிறது.

பத்தாண்டு என்பது சட்டம் வைத்த கீழ் எல்லை. அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் இடம் போதாத அலுவலகத்தில், ஆண்டிறுதிப் பொருள் கணக்கெடுப்பு நெருங்கும் நேரத்தில், கீழ் எல்லையே கெடுவாக வாசிக்கப்பட்டுவிடும். "காலம் முடிந்த கோவைகள், அப்புறப்படுத்தலாம்" என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டால் போதும். ஒரு பிரதேசத்தின் மீள்குடியேற்ற வரலாறு ஓர் உழவு இயந்திரப் பெட்டிக்குள் ஏறிப் போய்விடும். அது நடக்காமல் தடுக்கக்கூடியவர்கள் நீங்கள்தான். அதனால்தான் அமைச்சருக்கோ ஆணைக்குழுவுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். அயலில் இருப்பவர்களுக்கு விண்ணப்பமும் முறைப்பாடும் மேன்முறையீடும் எழுதிக்கொடுப்பது என் வழக்கம். அந்த வேலையில்தான் ஒரு கோவையின் பெறுமதியைக் கண்ணால் கண்டேன்.

எங்கள் ஊரில் ஒரு தாய். கணவர் பெயரில் இருந்த காணி பேமிற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த வழி முழுக்க மடியில் கட்டிக்கொண்டு போனவர். முள்ளிவாய்க்காலையும் தாண்டி, செட்டிகுளம் முகாமுக்கும் அது அவரோடு போய், ஊருக்கும் அவரோடு திரும்பியது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளத்தில் அலுமாரியோடு அது போய்விட்டது. அடுத்த வருடங்களில் எல்லைப் பிணக்கு ஒன்று வந்தபோது அவர் கையில் ஒன்றும் இல்லை. வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்த நேரம் பேமிற்றின் நிழற்பிரதி ஒன்றைக் கொடுத்ததாக மட்டும் நினைவு இருந்தது. பிரதேச செயலகத்தில் விடயத்துக்குப் பொறுப்பான ஓர் இளம் உத்தியோகத்தர் பின்னறைக்குள் போய், உரப்பைகளுக்குள் கட்டிக்கிடந்த கோவைகளைப் பிரித்துத் தேடினார். கிடைத்தது.

அந்தக் கோவையை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே பயனாளி விண்ணப்பப் படிவம். குடும்ப உறுப்பினர்களின் பெயரும் பிறந்த திகதியும், காணாமல் போன மூத்த மகனின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு குறிப்பும். அடுத்து கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தற் கடிதம். அதன் கீழ் பேமிற்றின் நிழற்பிரதி. பிறகு கையால் வரைந்த ஒரு காணிப் படம்: வடக்கே வாய்க்கால், கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் காணி, மேற்கே அரச காணி. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பரிசோதனைத் தாள்கள்: அத்திவாரம் முடிந்த நாள், சுவர் எழும்பிய நாள், கூரை போட்ட நாள். ஒவ்வொன்றோடும் ஒரு படம். ஒன்றில் அந்தத் தாயும் இரண்டு பிள்ளைகளும் அத்திவாரக் கல்லின் மேல் நிற்கிறார்கள். கடைசியில் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி. ஊசி துருப்பிடித்து, கடதாசியில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. ஆனாலும் எழுத்து எல்லாம் வாசிக்கக்கூடியதாய் இருந்தது. அந்த நிழற்பிரதியின் இலக்கத்தை வைத்துத்தான் காணிப் பகுதியில் மூலப் பதிவைத் தேட முடிந்தது. காணி அவருடையது என்பது நிலைத்தது.

வீட்டுத்திட்டத்தின் கணக்கில் அந்தக் கோவையின் வேலை வீடு கட்டி முடிந்தவுடன் தீர்ந்துவிட்டது. அந்தத் தாய்க்கு அதன் தேவை பிறகுதான் தொடங்கியது. இதுதான் நான் சொல்ல வந்த விடயத்தின் அடி. திட்டம் முடிகிற நாளும் ஆவணத்தின் பயன் முடிகிற நாளும் ஒன்றல்ல. வீட்டையும் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் படங்களையும் ஒருங்கே இழந்த ஒரு சனத்துக்கு, திரும்பி வந்தபின் அரசாங்கம் எழுதிய தாள்களே புதிய வாழ்வின் முதற் பத்திரங்கள். பலரிடம் அதற்கு முந்தியது ஒன்றுமே இல்லை.

இந்தத் தாள்கள் எவ்வளவு பெரிய வேலையின் சாட்சி என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவற்றை எழுதியவர்களே நீங்களும் உங்களுக்கு முந்தியவர்களும்தான். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தார்கள். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெயரிட்ட வலயங்களில், கூடாரம் கூடாரமாகப் பதிவு நடந்தது. ஊருக்குத் திரும்பியபோது திரும்பவும் பதிவு: தகரம் எத்தனை, சீமெந்து எத்தனை பை, உலர் உணவு எத்தனை மாதம், கைக்காசு எவ்வளவு. இந்தியா 2010 ஜூனில் அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டன. உரிமையாளரே கட்டும் முறையில், ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பரிசோதனை, ஒரு படம், ஓர் ஒப்பம். அதற்கு முன்னரே, 2004 இறுதியில் உலக வங்கி அங்கீகரித்த வடகிழக்கு வீடமைப்புப் புனர்நிர்மாணத் திட்டமும் இதே முறையில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கோவை திறந்திருந்தது.

இவ்வளவு எழுதப்பட்டும், இவை எல்லாம் ஓரிடத்தில் இல்லை. 2009 மே மாதம் அமைக்கப்பட்ட வடமாகாணத்துக்கான ஜனாதிபதி செயலணி ஒரு பங்கை வைத்திருந்தது. மீள்குடியேற்ற அமைச்சு ஒரு பங்கு. அந்த அமைச்சு 2015க்குப் பிறகு சிறைச்சாலைகளோடும் புனர்வாழ்வோடும் இந்து சமய அலுவல்களோடும் சேர்ந்தது. அடுத்த அரசாங்கங்களில் திரும்பத் திரும்பப் பெயரும் கட்டடமும் மாறின. வீட்டுத்திட்டங்களை நடத்திய சர்வதேச நிறுவனங்கள் தங்கள் தரவைத் தங்கள் கணினிகளில் வைத்திருந்து, பணி முடிந்ததும் போய்விட்டன. ஒரு திட்ட அலுவலகத்தை மூடும்போது வாகனம் யாருக்கு, ஜெனரேற்றர் யாருக்கு, கதிரை மேசை யாருக்கு என்று பட்டியல் போடுவார்கள். கோவைகளுக்கும் அப்படி ஒரு பட்டியல் போட்டு ஒப்படைத்த இடங்கள் குறைவு. ஆகையால் இன்றைக்கு நம்பிக்கையோடு தேடக்கூடிய பிரதி இருப்பது கீழ்மட்டத்தில்: பிரதேச செயலகத்தின் பின்னறையிலும் கிராம உத்தியோகத்தரின் அலுவலக றாக்கையிலும்.

ஒரு பட்டியல் பின்னொரு காலத்தில் என்ன கேள்விக்கு விடையாகும் என்று அதை எழுதும் நேரத்தில் யாருக்கும் தெரியாது. இதற்கு எங்கள் மண்ணிலேயே போதிய சான்று உண்டு.

2011 ஜனவரியில், காலஞ்சென்ற மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரண்டு எண்களை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதைக் கேட்க முடிந்ததே ஒரு கச்சேரியில் யாரோ ஓர் அலுவலர், குண்டு விழும் காலத்திலும் கிராம சேவையாளர் பிரிவு பிரிவாகச் சனத்தொகையைக் கூட்டிவைத்ததால்தான். உணவு அனுப்புவதற்காக எழுதிய எண் அது. அந்தக் கேள்விக்குச் சரியான விடை தேடப்படும் நாள் வந்தால், ஒவ்வொரு பிரிவின் பெயர்ப்பட்டியலும் முகாம் பதிவும் திரும்பியோர் பதிவும் ஒன்றோடொன்று வைத்து ஒப்பிடப்பட வேண்டிவரும். பட்டியல் இல்லாவிட்டால் ஒப்பீடும் இல்லை.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரித்தாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்பது அதில் சொன்ன காரணம். அந்த உரித்தாளர்களில் எத்தனையோ குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் நலன்புரி நிலையங்களில் இருந்தன. அரசாங்கமே அவர்களுக்கு உலர் உணவு கொடுத்துவந்தது. பெயரும் சொந்த ஊரும் நிவாரணப் பட்டியலில் இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். "இங்கேதான் இருக்கிறோம்" என்று சொல்ல அவர்களுக்குக் கைகொடுப்பவை இப்படியான பட்டியல்கள்தான்.

2012 செப்டெம்பர் இறுதியில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். அவர்களுடைய காணி படையினர் வசம் இருந்தது. பக்கத்தில் ஒரு மாதிரிக் கிராமத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். சொந்தக் காணிக்காக ஆண்டுக்கணக்கில் கேட்டு, 2017இல் வீதியோரத்தில் இருந்து போராடிச் சிறு பகுதிகளை மீட்டார்கள். எந்தத் துண்டு எந்தக் குடும்பத்துக்கு என்று பிரித்துச் சொல்லும்போது, இடம்பெயர்வதற்கு முந்திய பதிவேடும் திரும்பியபோது எடுத்த பதிவும் பக்கத்தில் இருந்தால் வாக்குவாதம் குறையும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 2009க்குப் பிறகு மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்ப வந்து, தாங்கள் இந்த ஊரார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பனின் ஊர் பழைய வாக்காளர் இடாப்பிலும் காணிக் கோவையிலும்தான் இருந்தது. அவர்களுடைய மீள்குடியேற்ற விண்ணப்பங்கள், ஏற்கப்பட்டவையும் சரி, நிராகரிக்கப்பட்டவையும் சரி, இரண்டு சமூகங்களுக்கும் நாளைக்குத் தேவைப்படும்.

சட்டமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. போர் முடிந்து ஏழு ஆண்டு கழித்து, 2016இல், காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் போரினால் தன் காணி உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவருக்கு எதிராக, அந்தக் காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். அதன் பயனைப் பெற, தான் இடம்பெயர்ந்ததை ஒருவர் காட்ட வேண்டியிருந்தது. 1995இலோ 2006இலோ இடம்பெயர்ந்தோர் பதிவை எழுதியவர், இது ஒருநாள் காணி வழக்கில் சாட்சியாகும் என்று நினைத்திருக்க மாட்டார். 2018இல் இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டம் வந்தது. நாளைக்கு என்ன சட்டம் வரும், அது என்ன தாளைக் கேட்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? ஒல்லாந்தர் வரி வாங்குவதற்காக எழுதிய தோம்புகளை இன்றைக்குக் காணிப் பெயருக்கும் குடிவழிக்கும் புரட்டுகிறார்கள். எழுதியவரின் நோக்கம் ஒன்று. பின்வந்தவரின் தேவை வேறு.

வெளிநாடுகளிலும் போருக்குப் பிந்திய கோவைகள் இப்படித்தான் பயன்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்கு உணவும் காணியும் கல்வியும் தேடிக்கொடுக்க ஒரு பணியகம் 1865இல் அமைக்கப்பட்டு 1872இல் மூடப்பட்டது. வேலை ஒப்பந்தம், திருமணப் பதிவு, உணவுப் பங்கீட்டுப் பட்டியல் என்று அது விட்டுச்சென்ற தாள்கள் வோஷிங்டனில் கிடந்தன. 1870க்கு முந்திய குடிசன மதிப்பீடுகளில் அடிமைகளுக்குப் பெயரே எழுதப்படவில்லை. ஆகவே தங்கள் பாட்டன் பூட்டன் யார் என்று தேடும் கறுப்பின மக்களுக்கு, முன்னோரின் பெயர் முதன்முதலாகக் கிடைப்பது பலவேளை அந்தப் பங்கீட்டுப் பட்டியலில்தான். அந்தத் தாள்களைப் பாதுகாக்கவென்றே 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஜேர்மனியிலும் இரண்டாம் உலகப் போரில் வீடுவாசல் இழந்தோருக்கான 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த இழப்பீட்டுக் கோவைகளுக்கென்று பைரொய்த் நகரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் தனிக் கிளையே இயங்குகிறது. வீட்டின் அளவு, காணியின் எல்லை, தொழிலின் வருமானம் என்று இழந்தவர்கள் எழுதிக்கொடுத்த விபரம் இன்று அழிந்த ஊர்களின் வரலாறாக வாசிக்கப்படுகிறது. எங்கள் விண்ணப்பப் படிவங்களிலும் அதே விபரம் இருக்கிறது.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு வகைக் கோவையையும் சொல்லாமல் விட முடியாது. கண்ணிவெடி அகற்றிய ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் வரைபடமும் கையளிப்புப் பத்திரமும் உண்டு. எந்த எல்லைவரை, எவ்வளவு ஆழம்வரை துப்புரவாக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். 2010இல் அமைந்த தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையத்திடம் தரவு இருக்கலாம். ஆனால் இன்னும் பத்து வருடத்தில் ஒரு கமக்காரன் கிணறு ஆழமாக்க வெளிக்கிடும்போது அவன் முதலில் போய்க் கேட்பது தன் விதானையாரைத்தான். அந்தப் பத்திரத்தின் பிரதி அங்கே இருக்க வேண்டும்.

இனி என் வேண்டுகோள்களைச் சொல்கிறேன். பெரிய நிதி தேவைப்படாத, ஓர் அலுவலகம் தானாகவே தொடங்கக்கூடிய வேலைகளைத்தான் கேட்கிறேன்.

முதலாவது, பட்டியல் இல்லாமல் ஒரு கோவைகூட வெளியே போகக் கூடாது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அரச ஆவணங்களைச் சுவடிகள் திணைக்களப் பணிப்பாளரின் இணக்கமின்றி அழிக்க முடியாது. தகவல் சட்டத்தின் பத்தாண்டு முடிந்தாலும் இந்தக் கட்டுப்பாடு முடியாது. அதோடு, தகவல் கேட்டு விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும் ஆவணத்தை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது என்று தகவல் சட்டமும் சொல்கிறது. அப்புறப்படுத்தும் குறிப்பு உங்கள் மேசைக்கு வந்தால் இந்த இரண்டையும் எழுதி மேலே அனுப்புங்கள்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் காப்பாற்ற முடியாது என்பதால் முன்னுரிமை வையுங்கள். பயனாளிகள் தெரிவுப் பட்டியல்களும் புள்ளித் தாள்களும் முதலில். நிராகரிக்கப்பட்டவர்களின் விண்ணப்பங்களும் மேன்முறையீடுகளும் அவற்றோடு சேர வேண்டும். வீடு கிடைத்தவர் கதவிலக்கத்தைக் காட்டுவார். கிடைக்காதவரிடம் காட்ட இருப்பது அந்த விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்து காணிக் கச்சேரிக் குறிப்புகள், இடம்பெயர்ந்தோர், மீளத் திரும்பியோர் பதிவேடுகள், கண்ணிவெடிக் கையளிப்புப் பத்திரங்கள். பிறகு கட்டப் பரிசோதனைத் தாள்கள். சீமெந்தும் மணலும் விலையேறிய மாதங்களில் எந்த வீடு எந்தக் கட்டத்தில் நின்றது, எத்தனை மாதம் நின்றது என்பது அவற்றில் இருக்கிறது. மக்கள் ஏன் கடன்பட்டார்கள் என்பதை நாளைய திட்டமிடுவோர் அங்கேதான் படிக்கலாம். மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்ட அறிக்கைகளும், குளம், பாலம், பாடசாலைக் கட்டடங்களின் வரைபடங்களும் இந்த வரிசையில் வர வேண்டும்.

மூன்றாவது, கடதாசியைக் கடதாசியாகக் காப்பாற்றுங்கள். நிலத்தில் அடுக்கிய கோவைகளை ஒரு முழம் உயரத்துக்காவது தூக்கி வையுங்கள். கறையானும் வெள்ளமும் முதலில் தொடுவது கீழ் அடுக்கைத்தான். இறப்பர் பட்டிகளையும் துருப்பிடித்த ஊசிகளையும் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ஃபக்ஸ் தாள்களை உடனே பிரதி எடுங்கள். அந்த எழுத்து கண்முன்னே மங்கிக்கொண்டிருக்கிறது. சுவரோரம் ஒழுக்கு இருந்தால் றாக்கையைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

நான்காவது, கணினிப் பிரதி எடுங்கள். ஆனால் கணினிப் பிரதி எடுத்தோம் என்பதற்காக மூலத்தை எறியாதீர்கள். 2010களின் தரவு எத்தனையோ இடங்களில் இறுவட்டிலும் பழைய வன்தட்டிலும் பென் டிரைவிலும் கிடக்கிறது. அவற்றைத் திறக்கக்கூடியதாய் இருக்கும்போதே திறந்து, இரண்டு பிரதி எடுத்து, வேறு வேறு ஊர்களில் வையுங்கள். கோப்பின் பெயரில் பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கம், திட்டம், ஆண்டு இந்த நான்கும் இருந்தால் அடுத்து வருபவர் தேடி எடுப்பார். கடவுச்சொல் இருந்தால் அதைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் பேண முயல வேண்டும் என்று தகவல் சட்டமே சொல்வதால், இதற்கு நேரமும் ஆளும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஐந்தாவது, இடமாற்றம் வரும்போது கோவைப் பட்டியலைக் கையளிப்பின் ஒரு பகுதியாக்குங்கள். திறப்பும் முத்திரையும் எண்ணி ஒப்படைப்பதைப் போல இதையும் எண்ணி ஒப்படையுங்கள்.

பேணுவது என்றால் எல்லோருக்கும் விரித்துப் போடுவது என்று பொருள் கொள்ளாதீர்கள். இந்தக் கோவைகளில் கணவரை இழந்த பெண்களின் பெயர் இருக்கிறது. புனர்வாழ்வு பெற்றவர்களின் விபரம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் நம்பிச் சொன்ன வார்த்தைகள் இருக்கின்றன. தவறான கையில் ஒரு பட்டியல் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் சனம் அனுபவித்தே அறிந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதற்கு ஒரு வேலி. ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் யார் பார்க்கலாம், சம்பந்தப்பட்டவர் எப்படித் தன் கோவையைக் கேட்கலாம், ஆய்வாளருக்குப் பெயர் மறைத்து எதைக் கொடுக்கலாம் என்று எழுத்தில் விதி வையுங்கள். பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக அழிப்பது தீர்வாகாது. அழித்தபின் அந்தப் பெண்ணுக்கே தன் பெயரைக் காட்ட ஒன்றும் இருக்காது.

பழைய கோவை இருந்தால் பழைய கேள்வியும் வரும் என்ற அச்சம் உங்களில் சிலருக்கு இருப்பதை அறிவேன். ஒரு கணக்காய்வு வினா, ஒரு விசாரணைக் கடிதம், ஓய்வூதியம் எடுக்கும் நேரத்தில் ஒரு விளக்கம். ஆனால் நேர்மையாக வேலை செய்த அலுவலருக்குத் துணை நிற்பதும் அதே கோவைதான். இந்தக் குடும்பத்துக்கு இத்தனை புள்ளி, அதனால் இந்த வரிசை என்று நீங்கள் எழுதி ஒப்பமிட்ட தாள் இல்லாவிட்டால், பத்து வருடத்துக்குப் பிறகு ஊரில் ஓடும் கதைதான் மிஞ்சும். அந்தக் கதை உங்கள் பக்கம் பேசும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஓய்வுபெற்ற அலுவலர்களுக்கும் ஒரு சொல். அன்றைய காலத்தில் அலுவலகமே இடம்பெயர்ந்த நாட்களில் உங்களில் பலர் பதிவேட்டையும் குறிப்புப் புத்தகத்தையும் வீட்டில் வைத்துக் காப்பாற்றினீர்கள். அவை இன்னும் உங்கள் பெட்டகத்தில் இருந்தால், பிரதேச செயலகத்திடம் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். அதற்குமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கையெழுத்தையும் சுருக்கக் குறியீடுகளையும் விளங்கக்கூடியவர்களும் நீங்கள்தான். ஒருநாள் போய் இளையவர்களோடு இருந்து அவற்றைச் சொல்லிக்கொடுங்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் கீழ், வெள்ளம் ஏறாத மேட்டில், ஒவ்வோர் ஆவண நிலையம் அமைய வேண்டும் என்பது என் நீண்டநாள் விருப்பம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நூலகவியல், வரலாறு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2005 முதல் எங்கள் ஏடுகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்திடம் கைவந்த அனுபவம் இருக்கிறது. அரசாங்கம் அழைத்தால் இவர்கள் வருவார்கள். ஆனால் அந்த நிலையம் கட்டி முடியும்வரை கோவைகள் காத்திருக்க வேண்டும். அதுவரை அவற்றைக் காப்பது உங்கள் பொறுப்பு.

2027 பெப்ரவரி 3க்கு முன் ஒவ்வொரு பிரதேச செயலகமும் ஒன்றை மட்டும் செய்து முடிக்கட்டும்: பின்னறையில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். அதன் ஒரு பிரதி கச்சேரிக்கும், இன்னொன்று சுவடிகள் திணைக்களத்துக்கும் போகட்டும். பட்டியலில் ஏறிய கோவையைச் சத்தமில்லாமல் அழிப்பது கடினம். ஆள் போதாது என்றால் எங்களைக் கேளுங்கள். பிள்ளைகளின் புள்ளிப் பதிவேட்டை முப்பது வருடம் எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறோம். இரகசியம் பேணுவதாக ஒப்பமிட்டுத் தந்துவிட்டு, உங்கள் மேற்பார்வையில் உட்கார்ந்து பெயரும் இலக்கமும் எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம். நாளைக் குறித்துச் சொல்லுங்கள், வருகிறோம்.


கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்